கனநீரில் இரண்டு கரண்டி

வெட்டிய ஏத்தங்காய் கறுக்கக் கூடாது. என் தொழில் அவ்வளவுதான். அது ஏன் கறுக்கிறது என்பது என் மனைவியின் தொழில்.

கொட்டாரத்தில் ரோட்டோரம் ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு. கன்னியாகுமரி போகிற வண்டிகள் நிற்கும். தேங்காய் எண்ணெய் வாசம் நிறுத்திவிடும். தோலுரித்த காயை மஞ்சள் தண்ணீரில் போட்டு வைப்பேன். சீவுகட்டையைச் சட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். வில்லை நேராக எண்ணெயில் விழும். நடுவில் காற்றுக்கு நேரம் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கறுத்துவிடும். இத்தனை வருடத்தில் என் கையில் ஒரே ஒரு காய்தான் கறுத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் தோற்றவன். அவள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பெண் பார்க்கப் போனபோது என்னை முன்னால் வைத்துக்கொண்டே அவள் தன் அப்பாவிடம் சொன்னாள்.

"கல்யாணத்துக்குப் பொறவு நான் படிக்கலாமான்னு கேளுங்கப்பா."

"படிக்கட்டும்" என்றேன்.

அன்று முழுதும் நான் பேசியது அந்த ஒரு சொல். அதற்காகத்தான் கட்டிக்கொண்டதாக இப்போதும் சொல்கிறாள். வேறு காரணம் எனக்கும் தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எச்டி.க்குச் சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"ஏத்தங்கா."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை கடையில் இருந்து நாலு காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அதிலிருந்து வாரம் நாலு காய் படிப்புக்குப் போகும்.

பஸ்ஸில் இருந்து இறங்கியதும் நேரே அடுப்படிக்கு வருவாள். செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள். அன்று நடந்ததை ஒரே மூச்சில் சொல்வாள். நான் சீவிக்கொண்டே கேட்பேன். காய்க்குள் ஒரு என்சைம் இருக்கிறது. வெட்டினால் அது வேலையைத் தொடங்கும். அது தொடங்கினால் காய் கறுக்கும். அந்த வேலையில் ஒரு கட்டத்தில் ஒரு புரோட்டான் இங்கிருந்து அங்கே போக வேண்டும். புரோட்டான் என்றால் ஹைட்ரஜனின் கொட்டை. இவ்வளவும் எனக்கு ஒரு மாதத்தில் பிடிபட்டது. பிறகுதான் சிக்கல்.

"போற வழியில ஒரு செவுரு இருக்கு" என்றாள். "ஏறிக் குதிக்க அதுக்குத் தெம்பு இல்ல."

"பொறவு?"

"ஆனா போயிருது."

"ஓட்டை இருக்கும்."

"ஓட்டையும் இல்ல."

நான் சட்டியைக் கிண்டினேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா வளர்க்கிற கோழி ஒன்று மதிலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அதைக் காட்டினாள்.

"அந்தக் கோழிய பாருங்க. அந்தப் பக்கம் நிக்கி. பறக்கல்ல. ஏறல்ல. மதில்ல ஓட்டையும் இல்ல. கண்ண மூடித் திறந்தா நம்ம பக்கம் நிக்கி. எப்படி?"

யோசித்தேன். சட்டியில் சத்தம் அடங்கியது. சத்தம் அடங்கினால் பதம். சிப்ஸைக் கோரி எடுத்தேன்.

"முதல்லயே கொஞ்சம் இந்தப் பக்கமும் நின்னிருக்கும்" என்றேன்.

அவள் கையில் இருந்த பையைக் கீழே போட்டாள்.

"என்ன சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"இல்ல, சொன்னிய! அதேதான்! ரொம்பச் சின்ன சாமான் ஒரு இடத்தில மட்டும் நிக்காது. பரந்து நிக்கும். செவுருக்கு அங்கேயும் துளி இருக்கும். அதான் குவாண்டம்! இதப் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு!"

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னது அது. அவள் அடுப்பைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள். எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் ஆடாதே என்றேன். கேட்கவில்லை.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா.

"என் கோழி உங்க பக்கமும் நிக்குன்னு யாரு சொன்னது?"

"எக்கா, அது படிப்புக்குச் சொன்னது."

"என் கோழி என் பக்கம்தான் நிக்கும். அதுக்கு எதுக்குட்டி படிப்பு?"

அன்று சாயங்காலம் அக்கா கோழிகளை இரண்டு தடவை எண்ணியதை நான் பார்த்தேன்.

அந்தக் கோழி எங்கள் வீட்டுப் பேச்சில் நிலைத்துவிட்டது. பாடம் எல்லாம் கோழியில்தான் நடந்தது. புரோட்டானுக்கு ஒரு அண்ணன் உண்டு. அதே குணம். எடை மட்டும் இரண்டு மடங்கு. புரோட்டான் வத்தக் கோழி என்றால் அவன் குண்டுக் கோழி. தண்ணீரில் உள்ள வத்தக் கோழிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் குண்டுக் கோழிகளை வைத்தால் அது கனநீர். பார்க்கச் சாதா வெள்ளம், அதாவது தண்ணீர், மாதிரியேதான் இருக்கும்.

"குண்டன் அவ்வளவா பரந்து நிக்கமாட்டான்" என்றாள். "மதில் தாண்டுறது அபூர்வம். ஏறிக் குதிச்சுத்தான் போறாங்கன்னா, கனநீரில கறுக்கிறது கொஞ்சம் மெதுவாகும். மதில் வழியாவே போறாங்கன்னா, ரொம்ப ரொம்ப மெதுவாகும். சூடு கூட்டியும் குறைச்சும் பாக்கணும். அது பாத்தாச்சு. இனி கனநீர் மட்டும்தான்."

கனநீர் அவள் கல்லூரியில் இல்லை. கூடப் படித்தவள் ஒருத்தி திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். ஒரு நாள் என் மனைவி அங்கே போய்ச் செய்து பார்த்தாள். திரும்பி வந்தபோது பஸ்ஸில் இருந்து இறங்கி ரோட்டைக் கடக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டுத் திட்டினான். அவனைப் பார்த்தும் சிரித்தாள்.

"சாதா வெள்ளத்தில ஓட்டமா ஓடிக் கறுத்துது. கனநீரில நின்னு நின்னு, யோசிச்சு யோசிச்சுக் கறுக்கு! நான் டீ குடிச்சிட்டு வந்து பாத்தாலும் யோசிச்சிட்டே நிக்கி!"

அவளுடைய கைடு ஒரு பெரியவர். எதற்கும் சிரிக்கமாட்டார். கேட்டுவிட்டு, "ஒரு தடவை வந்ததை எழுத முடியாது. நம்ம லேபில் மூணு தடவை வரட்டும். எழுதலாம்" என்றாராம். ஆகவே அவள் மறுபடியும் திருவனந்தபுரம் போய், சிநேகிதியிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கனநீர் வாங்கி வந்தாள். அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் கல்லூரி கிடையாது. குப்பியை ஃபிரிட்ஜில் வைத்தாள். வைக்கும் முன் என் கையில் ஒரு தடவை கொடுத்து வாங்கினாள். நான் பொட்டலம் போடுகிறவன். கை எடை தெரியும். அந்த அளவுக் குப்பிக்கு அந்தக் கனம் அதிகம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"சிரிச்சிட்டிய!"

"இல்ல."

ஞாயிறு காலை அவள் சிதறாலில் அவள் அம்மா வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனாள். நான் கடை. பத்து மணிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். குடிதண்ணீர் பாட்டில் தண்ணீராக இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் குப்பி கல்லாக இருந்தது.

கதவை மூடித் திறந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஒரே தட்டில் ஒன்று தண்ணீர், ஒன்று ஐஸ். ஃபிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கனநீர் நாலு டிகிரி கிட்டவே கட்டிப்படும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐஸ் குப்பியின் கழுத்து வரை ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறினால் கண்ணாடி விரியும். அவளுடைய மூன்று வருடம் அந்தக் குப்பிக்குள் இருந்தது.

வெளியே எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றிக் குப்பியை அதில் நிறுத்தினேன். பின்முற்றத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சுழற்றினேன். அக்கா சர்ச் முடிந்து வந்தாள். மதில் மேலே தலை.

"என்ன அண்ணே, குப்பிய குளிப்பாட்டுதியளா?"

"ஆமா."

"பவுடர் போடுவியளா?"

நான் குப்பியைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.

உருகிவிட்டது. விரிசல் இல்லை. துடைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கழுத்து வரை இருந்தது இப்போது ஒரு விரல் கீழே நின்றது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிப்ஸ் வெந்து வரும்போது உப்புத் தண்ணீரைக் கரண்டியால் சட்டியில் ஊற்றுவோம். எண்ணெய் படபடவென்று பொரிந்து அடங்கும். அந்த நேரத்தில் உப்புக் குப்பி காலியாக இருந்தால் சட்டி முழுக்கப் பாழ். அதனால் கழுத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இறங்கினால் உடனே நிறைப்பேன். கை அப்படிப் பழகிவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தம்ளர் குறைந்தால்கூட நிறைத்துவிடுவேன். ஒருவர் என்னைப் பரிமாறுகிறவன் என்று நினைத்து ரசம் கேட்டிருக்கிறார்.

ஐஸ் உருகினால் இறங்கும். ஃபிரீசரில் தண்ணீர் பாட்டில் வைத்த எவனுக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. நான் எங்கேயோ சிந்திவிட்டேன் என்றே நினைத்தேன். மூடியைச் சுற்றி வெள்ளை டேப் இருந்தது. பிரித்தேன். கொதித்து ஆறிய தண்ணீர் இருந்தது. உப்புக் கரண்டியை நன்றாகக் கழுவினேன். ஒரு கரண்டி. பார்த்தேன். இன்னும் ஒரு கரண்டி. கழுத்துக்கு வந்தது. குழாய்க்குச் சுற்றுகிற டேப் வீட்டில் உண்டு. அதே போலச் சுற்றினேன். பழையதைவிட அழகாக இருந்தது. ஃபிரிட்ஜின் குளிரைக் குறைத்துவிட்டு உள்ளே வைத்தேன். நல்ல வேலை செய்த திருப்தி.

திங்கள் காலை குப்பியை எடுத்தவள் டேப்பைத் தடவிப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்கு" என்றாள்.

"ம்" என்றேன்.

முதல் தடவை சரியாக வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. மூன்றாம் தடவை முடிந்து வந்த அன்று அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். செருப்பைக் கழற்றியதைப் பார்த்ததும் நான் அடுப்பைத் தணித்தேன்.

கனநீரில் காய் யோசிக்காமல் கறுக்கிறதாம். திருவனந்தபுரத்தில் பார்த்த வேகத்தைப் போல இரண்டு மடங்கு. சாதாத் தண்ணீரைவிட மெதுவுதான். ஆனால் குவாண்டம் என்று நெஞ்சில் அடித்துச் சொல்ல அந்த மெதுவு போதாது. பாத்திரத்தை மாற்றினாள். காயை மாற்றினாள். நான் பொறுக்கிப் பொறுக்கிக் காய் கொடுத்தேன். எல்லாத் தடவையும் ஒரே மாதிரி தப்பாக வந்தது.

கைடு, "முதல்ல பார்த்ததுதான் தப்பு போல. அந்த அத்தியாயத்தை எடுத்திரு" என்றார். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதம்தான் இருந்தது. அந்த அத்தியாயத்தை எடுத்தால் மிச்சம் இருப்பது ஏத்தங்காய் கறுக்கும் என்பதுதான். அதற்கு பி.எச்டி. வேண்டாம். என்னைக் கேட்டாலே சொல்வேன்.

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். கோழி மதிலில் ஏறி நின்று பார்த்தது. இவள் பார்க்கவில்லை.

ஒரு புதன்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. மதியத்துக்கு முன்னால் அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"விட்டிரலாம்னு நினைக்கேன்."

"படி" என்றேன்.

"உங்களுக்கு அந்த ஒரு சொல்லுதான் தெரியும்."

நான் ஒரு காயை எடுத்துச் சீவத் தொடங்கினேன். பாதி சீவினேன். அவள் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"எல்லாம் பாத்தாச்சு. பாத்திரம் சரி, காய் சரி, மெஷின் சரி. கனநீரில சாதா வெள்ளம் கலந்தா இப்படித்தான் வரும். ஆனா சீல் போட்ட குப்பில யாரு வெள்ளம் கலக்கப் போறா?"

என் கை நின்றது.

"எவ்வளவு கலந்தா?" என்றேன்.

"பத்தில ஒண்ணு போதும்."

"பத்தில ஒண்ணுக்கா இவ்வளவு?"

"நூறு குண்டுக் கோழிக்கு நடுவில பத்து வத்தக் கோழிய விட்டுப் பாருங்க. குண்டன்மாரு நூறு பேரும் நிப்பானுவ. இந்தப் பத்தும் தடதடன்னு மதில் கடந்திரும். பாக்கிறவனுக்கு வேகம் ரெண்டு மடங்குன்னுதான் தோணும்."

சட்டியில் எண்ணெய் காத்திருந்தது. கையில் பாதிக் காய். நான் கணக்கில் தோற்றவன். ஆனால் குப்பி எவ்வளவு, கரண்டி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

"ஐயோ, காய்!" என்றாள் அவள்.

பார்த்தேன். வெட்டிய முகம் கறுத்திருந்தது. என் கையில், என் கண் முன்னால், என் கடையில்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? மேலுக்குச் சுகமில்லியா?"

வாயைத் திறந்தேன். அப்போது வெளியே ஒரு வேன் வந்து நின்றது. வடக்கே இருந்து வந்த கூட்டம், இருபது பேர் இருக்கும். எல்லாருக்கும் ருசி பார்க்க வேண்டும். நான் உப்பு சிப்ஸ் கேட்டவருக்கு வெல்லம் பூசிய சர்க்கரை வரட்டி கொடுத்தேன். சர்க்கரை வரட்டி கேட்டவருக்கு வெறும் பையைக் கொடுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவள் எழுந்து வந்து என் கையில் இருந்து வாங்கி எடை போட்டாள்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்துவிட்டாள். உடைந்த சிப்ஸ் வாங்க வருவாள். என் மனைவியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னட்டி முகம் தொங்கிப் போய்க் கெடக்கு?"

"எக்கா, ஒண்ணுமில்ல. ஒரு குப்பி வெள்ளம் என்னைப் படுத்துது."

"எந்தக் குப்பி? அண்ணன் அன்னைக்குக் குளிப்பாட்…"

"நாந்தான் ஊத்தினேன்" என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. இருபது பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

அவள் தராசில் கை வைத்தபடி நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், உருகியது, ஒரு விரல், கரண்டி, டேப். என் ஆயுளில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். அவள் முகம் முதலில் வெள்ளையாயிற்று. பிறகு சிவப்பாயிற்று. நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எந்தக் கரண்டி?" என்றாள்.

காட்டினேன்.

"எத்தனை?"

"ரெண்டு."

"கும்பிச்சா, தலைதட்டியா?"

"வெள்ளம் எப்படிட்டி கும்பிக்கும்?" என்றாள் அக்கா.

"தலைதட்டி" என்றேன்.

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். இருமல் மருந்துக் குப்பியின் மூடியோடு வந்தாள். அதில் அளவுக்கோடு இருக்கும். என்னை ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். மறுபடி ஊற்றச் சொன்னாள். பத்துத் தடவை ஊற்றினேன். பத்துத் தடவையும் ஒரே கோட்டில் நின்றது. என் கை அப்படி. பொட்டலம் போடுகிற தாளை இழுத்துத் தரையில் போட்டுக் குனிந்து கணக்குப் போட்டாள். வேன் கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. ஒருவர் தன் பேனாவைக் கொடுத்தார். அவள் பேனா எழுதவில்லை.

"இவ்வளவு கலந்தா இவ்வளவு வேகம் வரணும்" என்று முணுமுணுத்தாள். பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். லேபில் வந்த எண்ணைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள்.

பிறகு ஒரு கத்தல். ரோட்டில் போன பஸ்காரன் திரும்பிப் பார்த்தான்.

"சரியா வருது! அச்சு அசலா வருது! நான் தப்பு பண்ணல்ல! நீங்கதான் பண்ணினிய! நீங்கதான்! நீங்கதான்!"

நீங்கதான் என்று சொல்லிச் சொல்லி என் தோளில் அடித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேன் கூட்டம் கை தட்டியது. என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. சந்தோஷம் என்று மட்டும் தெரிந்தது. அந்த வெறும் பைக்காரர்தான் அதிகமாகக் கை தட்டினார்.

"ஒரு குப்பிய குளிப்பாட்டினதுக்கா இந்தக் கூத்து?" என்றாள் அக்கா.

"கோவம் வரல்லியா?" என்று கேட்டேன்.

"வரும். இப்பம் நேரமில்ல. ஸ்கூட்டர எடுங்க."

நாகர்கோவில் போகிற வழி முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். காற்றில் பாதி காதில் விழவில்லை. கோழி என்று மட்டும் அடிக்கடி கேட்டது.

கைடு முன்னால் நின்றேன். அவள் என் சட்டைப் பையில் இருந்து கரண்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கரண்டியைப் பார்த்தார். பிறகு என்னை.

"இதுதான் கருவியா?"

"ஆமா சார். கழுவிட்டுத்தான் ஊத்தினேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்து வெகு நேரம் கூரையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"தெரியாம செஞ்சதை இனி தெரிஞ்சே செய்வோம்" என்றார். "கால் பங்கு கலக்கு. அரை கலக்கு. முக்கால் கலக்கு. ஒவ்வொண்ணுக்கும் வேகம் பாரு. புள்ளி வச்சுக் கோடு போடு. எத்தனை புரோட்டான் அந்த நேரத்தில் நகருதுன்னு கோடு சொல்லும்."

"ஒரு கோழின்னா கோடு நேரா வரும்" என்று அவள் எனக்குச் சொன்னாள். "ரெண்டு மூணு கோழி சேந்து போனா வளையும்."

"என்ன கோழி?" என்றார் அவர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். மதில், வத்தல், குண்டு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மீசை ஆடியது. சிரிப்பை அடக்க எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

சிநேகிதி இன்னொரு குப்பி கொடுத்தாள். இந்தத் தடவை வீட்டில் தங்கியது ஒரே நாள். குளிரைக் குறைத்து, தனித் தட்டில் வைத்து, சிவப்பு மையில் ஒரு சீட்டு எழுதிக் குப்பியில் ஒட்டியிருந்தாள். "குறைந்தால் குறையட்டும்." அன்று நான் ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. வெந்நீர் குடித்தேன்.

சுத்தமான கனநீரில் காய் மறுபடியும் யோசித்து யோசித்துக் கறுத்தது. மூன்று தடவை. கால், அரை, முக்கால் எல்லாம் பார்த்தாள். வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து எண்ணெய்த் தகரத்தின் மேல் விரித்தாள். புள்ளிகள் வரிசையாக நின்றன. ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தாள். நேராகப் போயிற்று. ஒரே ஒரு கோழி.

"இன்னும் ஒரு புள்ளி பாக்கி" என்றாள்.

பழைய நோட்டைப் பார்த்து ஒரு புள்ளி வைத்தாள். கால், அரை என்று எதிலும் சேராத ஒரு இடத்தில் அது விழுந்தது. கோட்டின் மேலேயே விழுந்தது.

"இது நீங்க."

நான் அந்தப் புள்ளியைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நான் போட்ட எந்தப் புள்ளியும் கோட்டில் விழுந்ததில்லை. வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது.

வாய்மொழித் தேர்வு அன்று கடையை அடைத்தேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்றார்கள். வந்தவர்களுக்கு டீயோடு கொடுக்க ஒரு டின் சிப்ஸ் கொண்டு போயிருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். தன் கோழியைப் பற்றி ஏதாவது சொன்னால் எழுந்து கேட்பேன் என்று சொல்லியே வந்திருந்தாள்.

தேர்வு நடத்த வந்தவர் வெளியூர்க்காரர். ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் டின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த வரைபடம் திரையில் வந்தது. அவர் கையில் இருந்த சிவப்பு விளக்கைப் புள்ளியின் மேல் வைத்தார். என் புள்ளி.

"மத்ததெல்லாம் கால், அரை, முக்கால்னு ஒழுங்கா இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி ஒரு அளவு?"

அவள் கைடைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அது ரெண்டு கரண்டி சார்" என்றாள்.

"என்னது?"

"எங்க வீட்டுக்காரர் ஊத்தினது."

அவள் மறைக்காமல் சொன்னாள். ஐஸ் கட்டியதில் இருந்து டேப் வரை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "அவர் வந்திருக்காரா?" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் டின்னோடு எழுந்து நின்றேன்.

"ஏங்க ஊத்துனீங்க?"

"குறைஞ்சிருந்துது சார்."

முதலில் கைடுதான் சிரித்தார். அவர் சிரித்து அந்தக் கல்லூரியில் யாரும் பார்த்ததில்லையாம். பிறகு கூடமே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, "சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? நல்ல மனுசன், நெறைச்சாரு" என்றாள். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை டாக்டர் என்று கூப்பிட்டார். டின் பத்து நிமிடத்தில் காலி.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஃபிரீசரைத் திறந்தாள். நான் கெடுத்த கனநீரில் கடைசியாக மிஞ்சியதை ஒரு கட்டி ஐஸாக வைத்திருந்தாள். ஒரு தம்ளரில் சாதாத் தண்ணீர் எடுத்து மேஜையில் வைத்தாள்.

"பாருங்க."

கட்டியைப் போட்டாள். ஐஸ் மிதக்கும். எனக்குத் தெரிந்த எல்லா ஐஸும் மிதந்திருக்கிறது. இது கொஞ்சம் தயங்கியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அடியில் போய் உட்கார்ந்தது.

"சுத்தமான கனநீர்னா வேகமா போயிருக்கும்" என்றாள். "இது உங்க ரெண்டு கரண்டி. பிடிச்சு இழுக்கு."

இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தம்ளரைப் பார்த்தோம். மதிலில் கோழி கொக்கரித்தது. எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. ஐஸ் அடியில் கரைந்துகொண்டிருந்தது. தம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

என் கை செம்பை நோக்கிப் போயிற்று. அவள் எட்டிப் பிடித்துக்கொண்டாள்.